ஆடுபுலி ஆட்டம், ஒரு சிலேட்டு, முடிவே இல்லாத லெவல்... கும்பகோணம் ராமானுஜனின் கதை!

எங்க வீட்டுப் பரண்ல ஒரு பழைய டிவி வீடியோ கேம் பெட்டி இன்னும் இருக்கு. பழுப்பேறிப்போன ஜாய்ஸ்டிக், ஊதி ஊதிப் போட்டாதான் வேலை செய்யும் மஞ்சள் கேசட், அதுக்குள்ள மரியோவும் கான்ட்ராவும். டெல்டாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த கேமில் இருந்த பெரிய வில்லன் கடைசி லெவல் ராட்சசன் இல்லை, மின்வெட்டுதான்! ஆறாவது லெவலில் இருக்கும்போது கரன்ட் போனால் அவ்ளோதான். சேவ் பண்ணும் வசதியெல்லாம் கிடையாது. மறுபடி முதல் லெவல்.

அந்த இருட்டு நேரத்துல பாட்டி திண்ணைக்குக் கூப்பிடுவாங்க. தரையில சாக்பீஸால ஒரு முக்கோணம், அதைக் குறுக்கே வெட்டும் சில கோடுகள். மூணு கூழாங்கல், பதினஞ்சு புளியங்கொட்டை. ஆடுபுலி ஆட்டம் ரெடி. பேட்டரி வேண்டாம், சார்ஜர் வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து கரன்ட் வந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டோம்.

இன்னிக்கு நான் பழைய கேம்களின் வெறியன். புது கேம்களின் கிராபிக்ஸைப் பார்த்து நண்பர்கள் வாயைப் பிளக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நல்ல கேமுக்குத் தேவை நல்ல விதிகள். மற்றதெல்லாம் பெயின்ட் மாதிரி. இந்த எண்ணத்தோடு சமீபத்தில் கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இருக்கும் ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்குள் போனேன். கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. 2003-ல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கி நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. தெருவைப் பார்த்த ஜன்னல், அதையொட்டி ஒரு கட்டில். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, பாடப்புத்தகத்தில் படித்த ராமானுஜன் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தார்.

முதல் பிளேயர் மகன், இரண்டாவது பிளேயர் அம்மா

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி, அதில் வரும் சிறு வருமானத்தையும் குடும்பத்துக்குச் சேர்த்தவர். படிக்க வரும் வெளியூர் மாணவர்களுக்கு வீட்டில் இடம் கொடுத்து, சாப்பாடு போட்டும் செலவைச் சமாளித்தார்கள்.

ராமானுஜனுக்கு இரண்டு வயதில் அம்மை போட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன அம்மை அது. அவர் தழும்புகளோடு பிழைத்தார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் பச்சிளம் வயதிலேயே இறந்துவிட்டன. அடுத்த தம்பி பிறந்து தங்கியபோது இவருக்கு 10 வயது. அதுவரை அந்த வீட்டில் இவர் ஒரே பிள்ளை. வெளியே போய் விளையாட அவ்வளவாக விடமாட்டார்கள். தெருப் பிள்ளைகளோடு ஜன்னல் வழியாகத்தான் பேச்சு.

அப்போ யார் கூட விளையாடுவது? அம்மாவோடுதான். அவர்கள் விரும்பி ஆடியது ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்கணும். பார்க்கச் சின்ன விளையாட்டு. ஆனால், இதில் பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காய்கள்கூட கிடையாது. வலிமையான மூன்று பேரை வலிமையில்லாத பதினைந்து பேர் எப்படி மடக்குவது என்று நாலு நகர்வு முன்னாடி யோசிக்கணும். இன்னிக்கு கேம் டிசைன் படிப்பவர்கள் இதைத்தான் சமச்சீரில்லாத விளையாட்டு என்று பாடமாகப் படிக்கிறார்கள். நம்ம ஊர்க் கோயில் மண்டபத் தரைகளில் இந்தக் கட்டம் கல்லிலேயே செதுக்கிக் கிடக்கிறது.

கட்டத்துக்குள் எண்கள்

பள்ளியில் அவருக்குப் பிடித்த இன்னொரு ஆட்டம் மாயச் சதுரம். நீங்களும் இப்பவே ஆடிப் பார்க்கலாம். ஒன்பது கட்டம் போடுங்க. முதல் வரிசையில் 8, 1, 6. அடுத்ததில் 3, 5, 7. கடைசியில் 4, 9, 2. எந்த வரிசையைக் கூட்டினாலும் 15. மேலிருந்து கீழே கூட்டினாலும், மூலைக்கு மூலை கூட்டினாலும் அதே 15. இப்போ இதையே 16 கட்டத்தில் செய்ங்க, 25-ல் செய்ங்க என்று போனால் நிற்கவே தோணாது. பிற்காலத்தில் உலகமே தலையைப் பிய்த்துக்கொண்ட அவருடைய கணித நோட்டில் முதல் அத்தியாயமே மாயச் சதுரங்கள்தான்.

1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் ஜில்லாவிலேயே முதலிடம். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் பள்ளிப் பையனாக இருக்கும்போதே கேட்டுக் கேட்டு முடித்துவிட்டார். அந்தப் பள்ளியில் சுமார் 1,200 மாணவர்கள், 35-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்று முட்டாமல் மோதாமல் டைம்டேபிள் போடும் தலைவலியைக் கணித ஆசிரியர் இந்தப் பையனிடம் கொடுத்தார் என்று சொல்வார்கள். உண்மையில் அது ஒரு ராட்சச புதிர் கட்டம்தானே!

1903-ல், அவருக்கு 15, 16 வயது இருக்கும்போது, ஒரு கல்லூரி நூலகப் புத்தகம் கைக்கு வந்தது. கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணிதச் சுருக்கம். சுமார் 5,000 சூத்திரங்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. விளக்கம் ரொம்பக் குறைவு. தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அது வறட்டுப் புத்தகம். ராமானுஜனுக்கோ ஒவ்வொரு சூத்திரமும் ஒரு லெவல். எப்படி ஜெயிப்பது என்று யாரும் சொல்லித்தராத 5,000 லெவல். ஒவ்வொன்றையும் தானே நிரூபிக்க ஆரம்பித்தவர், புத்தகம் முடிந்ததும் தானே புது லெவல்களை உருவாக்கத் தொடங்கினார்.

கேம் ஓவர், இரண்டு முறை

இங்கேதான் கதை வலிக்க ஆரம்பிக்கிறது. 1904-ல் பள்ளியில் கணிதப் பரிசோடு வெளியே வந்தவர், காவிரிக் கரையில் இருக்கும் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர் வாங்கிய கல்லூரி. ஆனால், ஆங்கில வகுப்பிலும் வரலாற்று வகுப்பிலும் அவர் கணக்குதான் போட்டுக்கொண்டிருந்தார். மற்ற பாடங்களில் தோற்றார். உதவித்தொகை போனது. ஒரு பருவக் கட்டணம் 32 ரூபாய், அதாவது அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். அம்மா கல்லூரி முதல்வரிடமே போய் வாதாடிப் பார்த்தார். விதி விதிதான் என்று பதில்.

1905 ஆகஸ்டில் வீட்டில் சொல்லாமல் ரயிலேறி விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். மகனைக் காணோம் என்று பெற்றோர் பத்திரிகையில் தகவல் கொடுத்துத் தேடினார்கள். திரும்பி வந்து சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். 1906-ல் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. 1907-ல் மறுபடி தோல்வி. கையில் பட்டம் இல்லை, வேலை இல்லை. 1909-ல் 10 வயது ஜானகியோடு திருமணம். அந்தக் காலத்து வழக்கம்.

பழைய கேம் ரசிகனாக இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். இவரும் பரீட்சையில ஃபெயிலானவர்தானே என்று சொல்லி, கையில் போனோடு ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்திருக்கும் நம்மில் பலர் ராமானுஜனைத் துணைக்கு இழுக்கிறோம். அது நியாயமே இல்லை. அவர் தோற்றதால் மேதை ஆகவில்லை. அந்தத் தோல்வி அவரைப் பட்டினி வரை கொண்டுபோனது. மேதையாக இருந்தும் தோற்றார், அவ்வளவுதான். அவரைத் தாங்கிப்பிடிக்க ஆள் கிடைக்காமல் போயிருந்தால், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் இன்னிக்கு ஒரு நினைவில்லம் இருந்திருக்காது.

சிலேட்டு என்னும் பழைய டெக்னாலஜி

அந்த வறுமையில் அவருக்குக் கிடைத்த கருவி ஒரு சிலேட்டு. பேப்பர் விலை கட்டுப்படியாகாது. அதனால் கணக்கைச் சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். துணி எடுத்துத் துடைக்கக்கூட நேரம் கிடையாது. கடைசியில் கிடைக்கும் விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். வழிமுறை எல்லாம் சிலேட்டோடு அழிந்துபோகும்.

பழைய வீடியோ கேம்களில் பாஸ்வேர்ட் முறை ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கா? கேசட்டில் சேமிக்க இடம் இருக்காது. லெவல் முடிந்ததும் திரையில் சில எழுத்துகள் வரும். அதை நோட்டில் குறித்துவைத்து, மறுநாள் போட்டால் அதே இடத்துக்குப் போகலாம். எப்படி அங்கே வந்தோம் என்பதன் தடயம் எதுவும் அதில் இருக்காது. ராமானுஜனின் நோட்டுகள் அப்படிப்பட்ட பாஸ்வேர்டுகள். அவர் போய்ச் சேர்ந்த இடம் இருக்கு, போன பாதை இல்லை. அந்தப் பாதைகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ன்ட் 1970-களில் உட்கார்ந்தார். அதன் விளைவாக 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய தொகுதிகள் வெளியாகின. நோட்டுகளில் இருந்த 3,000-க்கும் மேற்பட்ட முடிவுகளில் மிகப் பெரும்பாலானவை சரி என்று தெரிந்தது.

சிலேட்டு அவரை இன்னொரு விதத்திலும் காப்பாற்றியது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அவருடைய நோட்டைப் புரட்டிவிட்டுச் சென்னைக்குப் பரிந்துரை கொடுத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து, வேலை எதுவும் கேட்காமல் கணக்குப் போடச் சொன்னார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்குக் கிளார்க் வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரும் கணக்குப் பிரியர். ராத்திரியில் ஆளுக்கொரு சிலேட்டோடு இருவரும் உட்கார்ந்துவிடுவார்கள். ராமானுஜன் பத்து படிகளை இரண்டாகத் தாண்டிப் போவார். தனக்கே புரியவில்லை என்றால் வெளியுலகத்துக்கு எப்படிப் புரியும், நிதானமாக எழுது என்று நாராயண ஐயர்தான் அவரைப் பிடித்து நிறுத்தினார். ஒருத்தர் தனியாக ஆடிய ஆட்டத்துக்கு இரண்டாவது ஜாய்ஸ்டிக் கிடைத்தது அப்போதுதான்.

ஆறு மாதம் விடையில்லாத புதிர்

1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் ஒரு புதிர் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம், அதுக்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகும் ஒரு தொடர். அதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3.

இதை எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே ரசிக்கலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9-ஐ 1 + 2 × 4 என்று எழுதலாம். அதில் வரும் 4, 16-இன் வர்க்கமூலம். 16-ஐ 1 + 3 × 5 என்று எழுதலாம். அந்த 5, 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இப்படியே உள்ளே உள்ளே போய்க்கிட்டே இருக்கலாம். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பாதாளம். கதவைத் திறக்கத் தெரிந்தவருக்கு, சின்ன 3.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் அனுப்பிய கடிதமும், 1914 மார்ச் 17-ல் சென்னையிலிருந்து கப்பலேறியதும் நம் எல்லாருக்கும் தெரிந்த கதை. எனக்குப் பிடித்த காட்சி அதற்குப் பிறகு வருகிறது. கேம்பிரிட்ஜில் ராமானுஜன் தானே சமைத்துச் சாப்பிட்ட சைவம். ஒரு நாள் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார். நண்பர் மகலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்) ஸ்ட்ராண்ட் என்ற பத்திரிகையின் 1914 டிசம்பர் இதழில் வந்த புதிரை வாசித்துக் காட்டுகிறார்.

ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும், வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன? சின்ன உதாரணம் பாருங்க. எட்டு வீட்டுத் தெருவில் 6-ஆம் எண் வீடு. இந்தப் பக்கம் 1 முதல் 5 வரை கூட்டினால் 15, அந்தப் பக்கம் 7-ம் 8-ம் சேர்ந்தால் 15. பத்திரிகை கேட்ட கணக்குக்கு விடை, 288 வீடுகளில் 204-ஆம் வீடு. மகலனோபிஸ் சில நிமிடம் முட்டிமோதி விடையைப் பிடித்துவிட்டார். ராமானுஜன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. 50, 500 என்ற எல்லையையே தூக்கிப் போட்டுவிட்டு, இப்படி அமையும் எல்லாத் தெருவுக்கும் வரிசையாக விடை தரும் ஒரே தொடர் பின்னத்தை எழுதிக்கொள்ளச் சொன்னார். மற்றவர் ஒரு லெவலை முடித்தார், இவர் முழு கேமையே முடித்தார்!

வெளியே தெரியாத லைஃப் மீட்டர்

ஆனால், உடம்பு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர். ஊரிலிருந்து வரவேண்டிய சாமான்கள் சரியாக வராது. குளிர், தனிமை, நேரங்கெட்ட நேரத்தில் சாப்பாடு. காவிரித் தண்ணியும் சோறும் ரசமுமாக வளர்ந்த உடம்பு 1917-ல் சாய்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் சானடோரியங்களிலும். படுக்கையில் இருந்தபடியே 1729 என்ற டாக்ஸி எண்ணைப் பிரித்து விளையாடியது அந்தக் காலத்தில்தான். 12-இன் கனமும் 1-இன் கனமும் சேர்ந்தால் 1729. 10-இன் கனமும் 9-இன் கனமும் சேர்ந்தாலும் அதே எண்.

கும்பகோணத்திலும் நிலைமை சரியில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவில்லை. ஜானகி எழுதிய கடிதங்கள் அவர் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் எதிரே உட்கார்ந்த அம்மா, அவர் வாழ்க்கை முழுக்க எதிரேயும் பக்கத்திலேயும் இருந்தார்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவி, அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரி ஃபெல்லோ. இரண்டு முறை எஃப்.ஏ. தேறாத பையன்! சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவி அறிவித்தது. 1919 ஜனவரியில் அவர் பல்கலைக்கழகத்துக்குப் பதில் எழுதினார். தன் செலவு போக, பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்துவிட்டு, மீதியை ஏழை மாணவர்களின் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் காவிரிக்கரைக் கல்லூரியிலிருந்து வெளியே வந்த நாளை அவர் மறக்கவில்லை என்று இதற்கு மேல் யாரும் சொல்லவேண்டியதில்லை.

1919 மார்ச்சில் நாடு திரும்பினார். கொடுமுடி, கும்பகோணம், பிறகு மருத்துவத்துக்காகச் சென்னை சேத்துப்பட்டு. வலிக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே ஜானகி பக்கத்தில் இருந்தார். வலி கொஞ்சம் குறைந்தால் ராமானுஜன் கேட்டது சிலேட்டைத்தான். 1920 ஏப்ரல் 26-ல் இறந்தார். வயது 32. மணவாழ்வில் ஜானகி அவரோடு சேர்ந்திருந்தது சில ஆண்டுகளே. பிறகு திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்து, 1994 வரை வாழ்ந்தார்.

கடைசி மாதங்களில் எழுதிய தாள்கள் கைமாறிக் கைமாறி, 1976-ல் டிரினிட்டி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கையில் கிடைத்தன. தொலைந்த நோட்டு என்று அதற்குப் பெயர். அதில் இருக்கும் கணக்குகளைக் கருந்துளை ஆராய்ச்சியில்கூட இன்று பயன்படுத்துகிறார்கள்.

சிலேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

கம்ப்யூட்டர் விளையாட்டு ரசிகர்கள் மதிக்கும் ஒரு பெயர் பில் காஸ்பர். 1962-ல் ஸ்பேஸ்வார் என்ற ஆதிகால வீடியோ கேம் பிறந்த அதே எம்.ஐ.டி.யில் வளர்ந்த ஹேக்கர். கான்வேயின் லைஃப் என்ற கட்ட விளையாட்டில் கிளைடர் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். 1985-ல் அவர் பை என்ற எண்ணைக் கம்ப்யூட்டரில் கணக்கிட முடிவு செய்தபோது எடுத்துக்கொண்டது, ராமானுஜன் 1914-ல் வெளியிட்ட சூத்திரம். ஒவ்வொரு படிக்கும் எட்டு இலக்கம் புதிதாகக் கிடைக்கும் சூத்திரம். 1 கோடியே 75 லட்சம் இலக்கம் வரை போனார். அப்போது உலக சாதனை. இதில் வேடிக்கை, அந்தச் சூத்திரம் சரி என்பதற்கு அன்றைக்கு முழு நிரூபணம் கிடையாது. அதைப் போர்வைன் சகோதரர்கள் 1987-ல் கொடுத்தார்கள். அதாவது, பாஸ்வேர்டு வேலை செய்தது. பாதை பின்னால்தான் தெரிந்தது.

மின்வெட்டு இல்லாத, எல்லாமே தானாகச் சேவ் ஆகும் காலத்தில் நாம் இருக்கிறோம். விளையாட்டு என்ற பெயரில் உயிர் வாங்கக் காசு கேட்கும் ஆப்கள், பணம் கட்டி ஆடவைத்துக் குடும்பத்தையே காலி பண்ணும் ரம்மிகள். என் அளவுகோல் ரொம்ப எளிது. ஆடி முடித்து எழுந்திருக்கும்போது தலையில் ஒரு கேள்வி மிச்சம் இருந்தால் அது நல்ல கேம். பர்ஸ் மட்டும் இளைத்திருந்தால் அது கேமே இல்லை.

அந்த ஓட்டு வீட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிய அன்று ராத்திரி அக்கா பையன் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தான். பிடுங்கவில்லை. சாக்பீஸால் திண்ணையில் முக்கோணம் போட்டேன். என்ன மாமா இது என்று எட்டிப் பார்த்தான். மூன்று கூழாங்கல்லை அவன் பக்கம் தள்ளினேன். மூன்றாவது ஆட்டத்தில் என் ஆடுகளை வெட்டித் தள்ளிவிட்டு, பதினாறு ஆடு இருந்தா யார் ஜெயிப்பாங்க என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியாது. இன்னும் ஒரு புளியங்கொட்டை எடுத்துட்டு வாடா, ஆடிப் பார்க்கலாம் என்றேன்.